அசதி நீங்கிய வாரத்தில் வந்த காயம்: எட்டு மாத நிகழ்வு ஆய்வு

எப்போதும் அசதியாக இருந்த ஒரு பெண். உடற்பயிற்சி என்று எதைத் தொடங்கினாலும் சில வாரங்களில் எங்காவது வலி வந்து நின்றுவிடும். அவர் எட்டு மாதங்களில் வாரம் ஐந்து நாள் நடக்கும் நிலைக்கு வந்தார். நடுவில் ஒரு காயம் வந்தது, அதில் என் பங்கும் உண்டு. இரண்டையும் இங்கே பதிவு செய்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். அவருடைய அனுமதி பெற்றுத்தான் எழுதுகிறேன்; அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.

## பின்னணி

அவருக்கு 41 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் காலைப் பற்றியோ தோளைப் பற்றியோ அவர் பேசவில்லை. "மேடம், நான் சோம்பேறி இல்ல. அதை மட்டும் முதல்ல சொல்லிடறேன்" என்றார். யாரோ அவரை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அது ஒரு முறையோடு நிற்கவில்லை என்று புரிந்தது.

நான்கு ஆண்டுகளில் ஐந்து முறை உடற்பயிற்சி தொடங்கியிருக்கிறார். முதலில் ஒரு கைப்பேசிச் செயலி சொன்னபடி ஓட்டம். நான்காவது வாரம் முன்னங்கால் எலும்பின் ஓரமாக வலி. அடுத்தது குதித்து ஆடும் குழுப் பயிற்சி. மூன்றாவது வாரம் இடது கணுக்கால் பிசகியது. பிறகு ஜிம், ஐந்தாவது வாரம் வலது தோள் பிடித்துக்கொண்டது. நான்காவது முறை, இதிலாவது அடிபடாது என்று நம்பி உடலை வளைத்து நீட்டும் வகுப்பில் சேர்ந்தார். ஒரு மாதத்தில் பின்தொடைத் தசை இடுப்பெலும்பில் ஒட்டும் இடத்தில் வலி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாலே குத்தும். ஐந்தாவது மறுபடியும் ஓட்டம், மறுபடியும் அதே இடது கணுக்கால்.

ஒவ்வொரு காயத்துக்கும் பிறகு வலி போகும்வரை முழு ஓய்வு. அது இரண்டு மூன்று மாதமாக நீளும். அப்புறம் ஒரு நாள் மனசு உறுத்தும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வேகத்தோடு பழைய அளவிலிருந்தே தொடங்குவார். அதற்குள் உடம்பு பழைய அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

அசதி இதற்கெல்லாம் முந்தியது. காலையில் எழும்போதே அடித்துப் போட்டதுபோல இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் கண் சொருகும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். உடற்பயிற்சி செய்தால் எல்லாம் சரியாகும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அவரும் அதை நம்பித்தான் ஐந்து முறை தொடங்கியிருக்கிறார்.

## முதல் இரண்டு சந்திப்புகளில் கவனித்தவை

கணுக்கால் இரண்டு முறை வந்ததைத் தவிர, காயங்கள் வெவ்வேறு இடத்தில் வந்தவை என்பதால் இதுவரை பார்த்தவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காயமாகவே சிகிச்சை செய்திருந்தார்கள். நான் அவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். இடம்தான் பெரும்பாலும் வேறு வேறு, காலம் ஒன்றுதான். மூன்றாவது வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் நடுவில்தான் ஐந்தும் வந்திருந்தன. அந்தத் தாளை அவரிடமே கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. புதிதாகப் பயிற்சி தொடங்கினால் முதல் சில வாரங்களில் வரும் பலத்தில் பெரும்பகுதி நரம்பு மண்டலத்தால் வருவது. மூளை தசையை நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கிறது. மூச்சும் கொஞ்சம் பழகிவிடும். "இப்ப நல்லா வருதே" என்று தோன்றும் காலம் அது. ஆனால் தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். எலும்பும் அப்படியே. புதிய சுமைக்கு ஏற்பத் தன்னைப் புதுப்பிக்கும்போது எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டுப் பிறகுதான் புதியதை நிரப்பும். ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் வேண்டும். ஆக, தெம்பு முன்னால் ஓடுகிறது, தசைநாணும் எலும்பும் பின்னால் வருகின்றன. இரண்டுக்கும் இடையே தூரம் கூடும்போது காயம் வருகிறது.

உடலைச் சோதித்ததில் மூன்று விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, மூட்டுகளின் தளர்வு. கட்டைவிரல் முன்கையைத் தொட்டது, முழங்கைகளும் முழங்கால்களும் நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளைந்தன. மூட்டுத் தளர்வை அளக்கும் பெய்ட்டன் அளவுகோலில் 9-க்கு 6. ஐம்பது வயது வரையிலான பெரியவர்களுக்கு 5-உம் அதற்கு மேலும் இருந்தால் பொதுவான மூட்டுத் தளர்வு என்று கொள்வார்கள். இது தனியாக ஒரு நோய் இல்லை. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த மூட்டுக்காரரை இன்னும் வளைத்து நீட்டச் சொன்ன வகுப்பு ஏன் ஒத்துவரவில்லை என்பது விளங்கியது. அவருக்கு வேண்டியது மூட்டைப் பிடித்து நிறுத்தும் பலம்.

அடுத்தது பலம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து நிற்க முடிகிறது என்ற சோதனையில் 11 முறை எழுந்தார். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கே 12-க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்று கணக்கிடுவார்கள். இந்த ஒப்பீட்டை அன்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் இன்னும் வேகமாக ஓடத்தான் பார்த்திருப்பார்.

மூன்றாவது, இடது காலில் மட்டும் 6 விநாடிக்கு மேல் நிற்க முடியவில்லை. கணுக்கால் ஒருமுறை பிசகினால் அந்த மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கிவிடும். வலி போன பிறகும் அது பெரும்பாலும் தானாக முழுதாகத் திரும்புவதில்லை, பழக்க வேண்டும். இரண்டு பிசகலுக்குப் பிறகும் அவருக்கு யாரும் அதைப் பழக்கவில்லை.

## பயிற்சிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

காயத்தைவிட அசதிதான் என்னை யோசிக்க வைத்தது. மாதக்கணக்கில் தொடரும் அசதிக்கு உடற்பயிற்சி மருந்தாகுமா, நஞ்சாகுமா என்பது காரணத்தைப் பொறுத்தது. காரணம் தெரியாமல் பயிற்சி அட்டவணை எழுதிக் கொடுப்பது சரியில்லை.

முதலில் கேட்டது, உழைத்த பிறகு என்ன ஆகிறது என்று. கொஞ்சம் கூடுதலாக வேலை செய்துவிட்டால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அளவுக்கு மீறிச் சரிந்துவிடுகிறீர்களா? காய்ச்சல் வந்தாற்போல உடம்பு வலி, யோசனை தெளிவில்லாமல் போவது, அது பல நாள் நீடிப்பது உண்டா? இப்படி இருந்தால் அது நாள்பட்ட சோர்வு நோய்த்தொகுதியாக இருக்கலாம். அந்த நோயுள்ளவர்களுக்கு வாரா வாரம் அளவை ஏற்றும் பயிற்சித் திட்டம் கொடுக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. படிப்படியாக ஏற்றினால் எல்லாருக்கும் நல்லது என்று நாங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தோம். அதனால் சிலர் படுத்த படுக்கையாகியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியை நான் அவசரமாகத் தாண்டுவதில்லை.

அவருக்கு அப்படி இல்லை. உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் அசதி ஒரே மாதிரிதான் இருந்தது. இருந்தும் முதல் எட்டு வாரம் ஒவ்வொரு நாளும் அசதியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு எழுதச் சொன்னேன். பின்விளைவு இரண்டு நாள் கழித்து வந்தாலும் தெரிந்துவிடும்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. ஓராண்டுக்கு முன் எடுத்த அறிக்கை கையில் இருந்தது. ஹீமோகுளோபின் 11.6. "கொஞ்சம் கம்மிதான், பரவாயில்ல" என்று அப்போது சொல்லிவிட்டார்களாம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மாதவிடாய் எப்படி என்று கேட்டேன். ஏழெட்டு நாள் போகும், முதல் மூன்று நாள் ரொம்ப அதிகம், பிள்ளை பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றார். நான்கு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

பொது மருத்துவரிடம் அனுப்பினேன். தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் 11.4. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனாலே இருப்பு தீர்ந்துவிட்டதாகக் கொள்வார்கள். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினார். மாதவிடாய்க்காக மகளிர் மருத்துவரிடமும் அனுப்பினார்.

## எடுத்த முடிவு: எவ்வளவு குறைவாகத் தொடங்குவது

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல், யாருக்கும் கெடுதல் செய்யாத அளவில் பயிற்சியைத் தொடங்கினோம். முதல் வாரம் எதையும் மாற்றாமல் கைப்பேசியில் பதிவாகும் காலடிக் கணக்கை மட்டும் பார்த்தோம். வேலை நாளில் சுமார் 2,800. விடுமுறை நாளில் 8,000-ஐத் தாண்டியது. வாரம் முழுக்கச் சேர்ந்த வீட்டு வேலையை ஒரே நாளில் முடித்துக்கொண்டிருந்தார். திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் கால் வலி ஏன் என்று அந்தக் கணக்கே காட்டியது.

நடை, சமதளத்தில் 5 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகம். குன்னர் போர்க் உருவாக்கிய 0 முதல் 10 வரையிலான உழைப்பு அளவுகோலில் 2, அதிகம் போனால் 3. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று பயிற்சிகள்: உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மேசையைப் பிடித்தபடி இரண்டு குதிகாலையும் உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் ஐந்து முறை. பல் துலக்கும்போது பிடிமானத்துக்கு எதையாவது விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது. வளைத்து நீட்டும் பயிற்சி எதுவும் இல்லை.

ஓட்டத்தையும் குதிப்பதையும் ஒதுக்கியதற்குக் காரணம் எளியது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் கால் வாங்கும் விசை உடல் எடைக்குச் சமம், அல்லது அதைவிடச் சற்றே அதிகம். ஓடும்போது அது இரண்டு மூன்று மடங்காகிறது. அந்த மடங்கைத் தாங்கும் தசைநாண் அவரிடம் இன்னும் இல்லை.

அளவு சரியா என்று தீர்மானிக்கப் பயிற்சி நேரத்தை நம்பவில்லை, மறுநாள் காலையை நம்பினோம். கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்து அடி வைக்கும்போது வலி எவ்வளவு? பயிற்சியின்போது 10-க்கு 3 வரை வலி இருக்கலாம். மறுநாள் காலை வழக்கமான அளவுக்குத் திரும்பியிருந்தால் தொடரலாம். முந்தைய நாள் காலையைவிடக் கூடியிருந்தால் அன்றைய அளவு பாதி. இரண்டு வாரம் அமைதியாகப் போனால் மட்டும் ஏற்றம், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.

முடியாத நாளுக்கும் ஒரு வழி வைத்தோம். அசதி 7-ஐத் தாண்டினால் 2 நிமிட நடை, ஒவ்வொரு பயிற்சியும் இரண்டு முறை. அவ்வளவுதான். முழுதாக விட்டுவிட்டால் விட்ட நாள் வாரமாகும், வாரம் மாதமாகும், பிறகு குற்றவுணர்ச்சியோடு பழைய அளவில் தொடங்குவார் என்பது ஐந்து முறை நடந்த கதை. நோயோ பயணமோ வந்து ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் பாதி அளவில் தொடங்க வேண்டும் என்றும் எழுதிக் கையில் கொடுத்தேன்.

## முதல் ஆறு வாரங்கள்

இரண்டாவது வாரம் வந்தபோது முகம் வாடியிருந்தது. "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். அஞ்சு தடவை எழுந்து உக்கார்றதை உடற்பயிற்சின்னு வீட்ல சொல்லவே வெட்கமா இருக்கு. வீட்டுக்காரர் சிரிக்கிறார்."

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். குறைவான அளவில் தொடங்குபவர்களுக்கு உடம்பைவிட மானம்தான் முதலில் வலிக்கிறது. நான் அவரிடம் மறுபடி அந்தத் தாளைக் காட்டினேன். "இந்த அஞ்சும் சொல்லிக்கிற மாதிரி இருந்த பயிற்சிங்கதான். ஆறாவது வாரத்தை ஒண்ணாவது பார்த்துச்சா? நாம ஆறாவது வாரத்தைப் பார்க்கப் போறோம். இப்போதைக்கு அதுதான் குறி." அடுத்த முறை கணவரையும் கூட்டிவரச் சொன்னேன். வந்தார். மனைவியின் ஃபெரிட்டின் எண்ணையும் அதன் பொருளையும் சொன்னதும் அமைதியாகிவிட்டார். விடுமுறை நாள் வேலைகளில் பாதியை அவர் எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். இந்த எட்டு மாதத்தில் நடந்த மாற்றங்களில் இதை நான் சிறியதாக நினைக்கவில்லை.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வாரங்கள் வந்தன, போயின. புது வலி எதுவும் வரவில்லை. நடை 8 நிமிடமாகி, பிறகு 10 ஆனது. எழுந்து உட்காருவது எட்டு முறை. ஆறாவது வாரக் கடைசியில் அந்தத் தாளில் அவரே ஒரு வரி சேர்த்து, "6-வது முறை, 6-வது வாரம், ஒண்ணும் ஆகல" என்று எழுதினார்.

## ஏழாவது வாரம்

மாத்திரை தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அசதி மதிப்பு 7-லிருந்து 5-க்கு இறங்கியது. மதியத் தூக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு மாலையில் விழித்திருக்க முடிகிறது என்றார். எனக்கும் சந்தோஷம். நடையை 15 நிமிடமாக்கலாமா என்று கேட்டார், சரி என்றேன். குதிகால் உயர்த்துவதை ஒற்றைக்காலில் செய்து பார்க்கலாமா என்றார், அதற்கும் சரி என்றேன். ஒரு நேரத்தில் ஒன்று என்று நானே எழுதிக் கொடுத்த விதியை நானே மீறினேன்.

அந்த வார விடுமுறையில் தோழிகளோடு மேடு பள்ளமான பாதையில் 50 நிமிடம் நடந்திருக்கிறார். "கால் தானா போச்சு மேடம், நிறுத்தவே தோணல." நான்கு நாள் கழித்து வலது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், காலையில் முதல் அடி வைக்கும்போது இறுக்கம். தொட்டுப் பார்த்தேன். குதிகால் தசைநாண் நடுவில் தடித்திருந்தது, அழுத்தினால் வலித்தது. காலை வலி 10-க்கு 5.

அதன் பிறகு பல நாள் இதையே யோசித்தேன். இந்தப் பெண்ணின் அசதி இத்தனை நாளும் ஒரு பிரேக்காக இருந்திருக்கிறது. கால் தாங்காத தூரத்துக்கு அவர் போகாமல் அதுவே தடுத்து வைத்திருந்தது. இரும்பு ஏறியதும் பிரேக் விட்டுப்போனது. தசைநாண் மட்டும் ஆறு வாரத்துக்கு முன் இருந்த இடத்திலேயே இருந்தது. தெம்பு வருவதை நல்ல செய்தியாக மட்டும் பார்த்தேன். காயத்துக்கான வாய்ப்பு கூடும் வாரமும் அதுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. அசதியாக இருக்கும் காலத்தில் எப்படித் தொடங்குவது என்பதற்கு அத்தனை திட்டம் போட்டவள், அசதி குறையும் காலத்துக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

## காயத்துக்குப் பின் எடுத்த முடிவுகள்

அறைக்குள் வரும்போதே, "சரி, இதுவும் முடிஞ்சுதா?" என்று கேட்டார். அழவில்லை. பழகிப்போன குரல். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முடியவில்லை என்று சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். இரண்டை ஒன்றாக ஏற்றச் சம்மதித்தது நான். முழு ஓய்வு கொடுக்கவில்லை. தசைநாணுக்கு முழு ஓய்வு வலியைக் குறைக்கும், கூடவே தாங்கும் திறனையும் குறைக்கும். பிறகு இன்னும் சிறிய சுமைக்கே வலிக்கும். அதனால் சுமையை எடுத்துவிடாமல் அதன் வடிவத்தை மாற்றினோம். இரண்டு குதிகாலையும் பாதி உயரத்துக்குத் தூக்கி 30 விநாடி அசையாமல் நிற்பது, ஐந்து முறை, நாளுக்கு ஒரு தடவை. நடை 6 நிமிடத்துக்கு இறங்கியது. மேடு பள்ளம், வேகநடை, கெண்டைக்காலை இழுத்து நீட்டுவது மூன்றும் நிறுத்தம்.

நடையில் குறைத்த நேரத்தைத் தண்ணீருக்கு மாற்றினோம். இடுப்பு வரை தண்ணீரில் நின்றால் கால் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிறது. மார்பு வரை நின்றால் இன்னும் குறையும். நீச்சல் தெரிய வேண்டியதில்லை, நடந்தால் போதும். வாரம் இரண்டு நாள் 15 நிமிடம் தண்ணீரில் நடந்தார். தண்ணீர் கிடைக்காத வாரங்களில் நிலைமிதிவண்டி, சுமை மிகக் குறைவாக வைத்து. கிடைத்த தெம்பை வீணாக்கவும் இல்லை, தசைநாண்மேல் ஏற்றவும் இல்லை.

காலை வலி மூன்று வாரத்தில் 2-க்கு இறங்கியது. ஐந்தாவது வாரம் பழைய 10 நிமிட நடைக்குத் திரும்பினார். அசையாமல் நிற்பதிலிருந்து மெதுவாக ஏற்றி இறக்குவதற்கு மாறினோம்: மூன்று விநாடி மேலே, மூன்று விநாடி கீழே. முந்தைய ஐந்து காயங்களும் அவரை இரண்டு மூன்று மாதம் உட்கார வைத்தன. இந்த முறை ஒரு வாரம்கூட அவர் முழுதாக நிற்கவில்லை. "அடிபட்டாலும் செய்யறதுக்கு ஏதோ ஒண்ணு இருக்குன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது" என்று ஒரு நாள் சொன்னார்.

காலடிக் கணக்கையும் அப்போதிலிருந்து வேறு விதமாகப் பார்த்தோம். பயிற்சியை மட்டும் எண்ணாமல் அந்த நாள் முழுக்கக் கால் செய்த வேலையை எண்ணினோம். ஒரு நாள் கணக்கு, அதற்கு முந்தைய ஏழு நாள் சராசரியைவிட ஒன்றரை மடங்கைத் தாண்டினால் மறுநாள் சுருக்கமான பயிற்சி மட்டும். இந்த ஒன்றரை மடங்கு அவருக்காக நான் வைத்த எல்லை. எல்லாருக்கும் பொருந்தும் எண் என்று சொல்ல மாட்டேன்.

## எட்டு மாதத்தின் முடிவில்

நான்காவது மாத ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.7, ஃபெரிட்டின் 36. மகளிர் மருத்துவரின் சிகிச்சையால் மாதவிடாய்ப் போக்கும் குறைந்தது. அது குறையாமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டிருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

எட்டாவது மாத முடிவில் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் நடந்தார். மொத்தம் 150 நிமிடம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவின் அடிப்படி அது. குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை அந்த வழிகாட்டுதலில் இல்லை. அவருடைய 5 நிமிட நடைகளுக்கும் கணக்கு உண்டு என்று அவரிடம் சொல்ல அது உதவியது.

பலப் பயிற்சி வாரம் இரண்டு நாள். 30 விநாடி நாற்காலிச் சோதனையில் 17. இடது காலில் 30 விநாடி நிற்கிறார். ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவது வலதில் 14, இடதில் 12. கணுக்கால் ஒருமுறையும் பிசகவில்லை. அசதி மதிப்பு சராசரியாக 7-லிருந்து 4. மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை.

சரியாகாதவையும் உண்டு. இரவில் இரண்டு மூன்று முறை விழிப்பு வருவது அப்படியே இருக்கிறது. வலது தோள், கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுமை எடுக்க இன்னும் இடம் கொடுக்கவில்லை. ஓட வேண்டும் என்ற ஆசை அவருக்கு விடவில்லை. ஒற்றைக்காலில் 20 முறையாவது குதிகால் உயர்த்த முடிந்த பிறகு அதைப் பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.

அசதி குறைந்ததில் இரும்புக்கு எவ்வளவு பங்கு, பயிற்சிக்கு எவ்வளவு, வீட்டு வேலை பகிரப்பட்டதற்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே காலத்தில் நடந்தன.

## இனி மாற்றிச் செய்வது

ரத்த முடிவு வந்த அன்றே அவரிடம் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும்: இன்னும் சில வாரங்களில் உங்களுக்குத் தெம்பு வரும், வரும்போது இரண்டு வாரம் எதையும் ஏற்றாதீர்கள், அந்தத் தெம்பைத் தூக்கத்துக்கும் பிள்ளைகளுக்கும் பிடித்த வேலைக்கும் கொடுங்கள். இப்போது இரும்போ தைராய்டு மாத்திரையோ தொடங்கும் ஒவ்வொருவருக்கும், தூக்கக் கோளாறுக்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கும், இதை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அசதி மதிப்பு இரண்டு புள்ளி இறங்கினால் எனக்குத் தெரிவிக்கச் சொல்கிறேன். முன்பு ஏறினால் மட்டும் தெரிவிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலடிக் கணக்கை முதல் வாரமே எடுத்தும், விடுமுறை நாள் ஏற்றத்தைப் பார்த்தும், அதைப் பயிற்சித் திட்டத்துக்குள் கொண்டுவராமல் விட்டேன். பயிற்சி வேறு, வீட்டு வேலை வேறு என்று நான் பிரித்தேன். கால் அப்படிப் பிரிப்பதில்லை.

வீட்டாரை மூன்றாவது சந்திப்பில் கூப்பிட்டேன். முதல் சந்திப்பிலேயே கூப்பிட்டிருக்கலாம். "நான் சோம்பேறி இல்ல" என்று ஒருவர் தொடங்கும்போது அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அன்றே கேட்க வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். குறட்டை உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார், அதோடு சரி. ஃபெரிட்டின் குறைவாக இருப்பவர்களுக்குப் படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் போன்ற தவிப்பு வருவதுண்டு. இரவு விழிப்புக்கு அது காரணமா என்று எட்டாவது மாதம்தான் கேட்டேன். ஆமாம், பல வருஷமாக அப்படித்தான், அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை என்றார். அதற்காக மறுபடி மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரம் போகிறார்.